இந்த வயர் யாருடையது?

மழை தொடங்கினால் வீட்டு டெலிபோனில் இரைச்சல் வரும். இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் லைன் அப்படியே செத்துப் போகும். முறைப்பாடு கொடுத்துக் காத்திருந்தால் ஒருவர் வருவார். வாசற்பக்கச் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறப்பார். இடுப்பில் தொங்கும் டெலிபோனைக் கொளுவிக் காதில் வைத்துப் பார்ப்பார். பிறகு சொல்வார்: "இதுவரைக்கும் லைன் நல்லா இருக்கு சேர். பிழை உங்கட வீட்டு வயரிங்லதான்."

அந்த ஒரு வசனத்தோடு அது அவருடைய வேலை இல்லை என்றாகிவிடும். இனி நீங்கள்தான் ஆள் தேட வேண்டும், நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். எனக்கு அந்த வசனத்தில் "இதுவரைக்கும்" என்ற சொல்தான் பிடித்துக்கொண்டது. எதுவரைக்கும்? அந்த இடத்தில் கோடு கீறியது யார்? வீட்டுக்கு வெளியே இருக்கும் வயர் அவர்களுடையது, உள்ளே இருப்பது நம்முடையது என்று எப்போது முடிவானது?

இந்தக் கோட்டுக்கு மிகத் தெளிவான கதை அமெரிக்காவில் இருக்கிறது. 1877-இல் தொடங்கி 1987-இல்தான் அது ஓய்ந்தது, சரியாக 110 வருடம். இன்று உலகம் முழுவதும் டெலிபோன் லைனில் பிழை தேடும் முறையில் அந்தச் சண்டையின் அடையாளம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். மின்சாரம் பற்றி நான் எழுதுவதில் குறை இருந்தால் விஞ்ஞான ஆசிரியர்கள் கொமென்டில் வந்து திருத்துங்கள்.

1877-இலிருந்து தொடங்குவோம்.

அலெக்சாண்டர் கிரகம் பெல் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். நம்ம தொழில்காரர்தான். 1876 மார்ச் 7-இல் அவருக்கு டெலிபோனுக்கான ஆக்கவுரிமை கிடைத்தது. அடுத்த வருடம் மே மாதம், அவருடைய மாமனாராகப் போகிற கார்டினர் ஹபர்ட் ஒரு விளம்பரத் துண்டை வெளியிட்டார். ஹபர்ட் ஒரு சட்டத்தரணி. சப்பாத்துத் தைக்கும் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்த ஒரு கம்பனிக்கு வேலை செய்தவர். அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவந்தார். டெலிபோன் விற்பனைக்கு இல்லை, வாடகைக்கு மட்டும்தான். இரண்டு கருவிகள் கொண்ட ஒரு சோடிக்கு, வீட்டுப் பாவனை என்றால் வருடம் 20 டொலர், வியாபாரம் என்றால் 40 டொலர். அதே லைனில் இன்னொரு கருவி வேண்டுமென்றால் மேலதிகமாக 10 டொலர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கருவியை நல்ல நிலையில் வைத்திருப்பது கம்பனியின் பொறுப்பு என்று அந்தத் துண்டு சொன்னது. வயர்? விரும்பினால் கம்பனி ஆட்களே இழுத்துத் தருவார்கள், ஒரு மைலுக்கு 100 முதல் 150 டொலர் வரை. இல்லாவிட்டால் கைவேலை தெரிந்த எவரும் இழுத்துக்கொள்ளலாம். கம்பி இறாத்தல் என்ன விலை, ஒரு மைலுக்கு எவ்வளவு தேவை என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருந்தது.

அதாவது தொடக்கத்தில் டெலிபோன் அவர்களுடையது, வயர் உங்களுடையது. இன்றைக்கு நிலைமை நேர்மாறு. டெலிபோனைக் கடையில் வாங்குகிறோம், போஸ்டில் தொங்கும் வயர் அவர்களுடையது. 110 வருடத்தில் இது முழுதாகத் தலைகீழாகியிருக்கிறது. எப்படி என்பதுதான் கதை.

அந்தக் காலத்து லைனுக்கு ஒரு கம்பிதான், அதுவும் இரும்புக் கம்பி. மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்பி வருவதற்கு நிலம். தந்தி அப்படித்தான் வேலை செய்தது, டெலிபோனும் அதையே பின்பற்றியது. ஊரில் பத்துப் பேரிடம் டெலிபோன் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. 1880-களின் கடைசியில் நகரங்களில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. அதன் மின்னோட்டமும் தண்டவாளம் வழியாக நிலத்துக்குள் இறங்கியது. டெலிபோனைக் காதில் வைத்தால் மனிதக் குரலுக்கு முன்னால் ட்ராமின் உறுமல் கேட்டது.

தீர்வாக நிலத்தை விட்டுவிட்டு இரண்டாவது கம்பி ஒன்றை இழுத்தார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும் யோசனைக்கு பெல்லே 1881-இல் ஆக்கவுரிமை எடுத்திருந்தார். இதன் அழகைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். டெலிபோன் கேட்பது இரண்டு கம்பிக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் அடிபட்டுப் போகும், பேசுகிறவரின் குரல் மட்டும் மிஞ்சும்.

இப்போது மழைக்கால இரைச்சலுக்குத் திரும்புங்கள். வயரின் உறை எங்கோ உரிந்து, ஒரு கம்பி மட்டும் ஈரச் சுவரில் படுகிறது என்று வையுங்கள். சமநிலை குலைந்துவிட்டது. ஒரு கம்பி நிலத்தோடு சேர்ந்துவிட்டதால் அந்த லைன் பாதி வழியில் 1880-களுக்குப் போய்விட்டது. வீட்டுக் கரண்டின் 50 சைக்கிள் "ம்ம்ம்" என்ற முனகல் உள்ளே வரும். ஆகவே முனகல் ஒரே சீராகக் கேட்டால் ஒரு கம்பி எங்கோ எர்த் ஆகிறது என்று சந்தேகிக்கலாம். விட்டுவிட்டு "கர்ர், படபட" என்று வந்தால் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது அல்லது பச்சை பூத்திருக்கிறது. சொக்கட்டைத் திறந்து பாருங்கள், எங்கள் பக்கத்தில் பாதி நேரம் எறும்புதான் குடியிருக்கும்.

அடுத்தது பெட்டரி. முதலில் ஒவ்வொரு வீட்டு டெலிபோனுக்குள்ளும் தனிப் பெட்டரி இருந்தது, மணி அடிக்கக் கையால் சுற்றும் பிடியும் இருந்தது. பெட்டரி காய்ந்தால் ஆள் வந்து மாற்ற வேண்டும். 1890-களில் பெட்டரிகளை வீடுகளிலிருந்து எடுத்து எக்ஸ்சேஞ்சில் ஒரே இடத்தில் வைத்தார்கள். அன்றிலிருந்து டெலிபோனுக்கான மின்சாரம் அந்த இரண்டு கம்பி வழியாகவே வருகிறது. 48 வோல்ட் என்பது வழமையாகிப் போனது. அதிலும் நேர் முனையை எர்த் செய்து, லைனை மறைப் பக்கமாக வைத்தார்கள். ஈரம் பட்டாலும் செம்பு கரைந்து போவது அதனால் குறையும்.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செம்பு லைனில் இதைப் பார்க்கலாம். டெலிபோன் வைத்திருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட், எடுத்தவுடன் 10-க்குக் கீழே இறங்கும். எடுக்காமலே இறங்கி நின்றால் எங்கோ இரண்டு கம்பியும் தொடுகிறது, அல்லது மற்ற அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. ஆனால் ஈரக் கையோடு தொட வேண்டாம். மணியடிப்பது வேறு மின்சாரம், அமெரிக்காவில் அது 90 வோல்ட் அளவு. அந்த நேரம் பார்த்துக் கோல் வந்தால் சுள்ளென்று அடிக்கும்.

இனி உரிமைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க டெலிபோன் என்றால் ஏடி அண்ட் டி, அதாவது பெல் குடும்பம். நீண்ட தூர லைன் அவர்களுடையது, பெரும்பாலான ஊர்களின் எக்ஸ்சேஞ்ச் அவர்களுடையது, கருவி செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலையும் அவர்களுடையது. உடையும் காலத்தில் ஊழியர்கள் மட்டும் சுமார் 10 இலட்சம் பேர். வீட்டு வரவேற்பறையில் இருக்கும் டெலிபோனைப் புரட்டிப் பார்த்தால் இது பெல் நிறுவனத்தின் சொத்து, விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருக்கும். சுவருக்குள் ஓடும் வயரும் அவர்களுடையதே. படுக்கையறைக்கு இன்னொரு டெலிபோன் வேண்டுமென்றால் அவர்களுடைய ஆள் வந்து பூட்ட வேண்டும், மாதாமாதம் அதற்கு வாடகை. 1877-இன் அந்த மேலதிக 10 டொலரின் பேரப்பிள்ளை இது.

வாடகை என்றால் களவும் இருக்கும். பழைய டெலிபோன் ஒன்றை எங்காவது எடுத்து, இரவோடிரவாக இரண்டு கம்பியை இழுத்துக் கொளுவி விடுவார்கள். கம்பனிக்கு எப்படித் தெரியும்? தெரியும். ஒவ்வொரு டெலிபோனின் மணிக்குள்ளும் ஒரு கொள்ளளவி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் சோதனை மேசையில் இருப்பவர் உங்கள் லைனுக்கு வோல்ட் கொடுத்து முள்ளைப் பார்ப்பார். முள் துள்ளும் அளவை வைத்து எத்தனை மணி கொளுவியிருக்கிறது என்று கணக்குப் போடலாம். பதிவில் ஒன்று, முள் சொல்வது இரண்டு என்றால் வீட்டுக்கு ஆள் வரும். மக்கள் சும்மா இருப்பார்களா? மேலதிக டெலிபோனில் மணியின் வயரை மட்டும் கழற்றி விட்டார்கள். பேசலாம், மணி அடிக்காது, முள்ளும் துள்ளாது.

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு லைனில் மணிகள் கூடக்கூட எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் மணி மின்சாரம் பங்காகிப் பலவீனமாகும். டெலிபோனுக்கு அடியில் "ஆர்இஎன்" என்று ஓர் இலக்கம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் கருவி மணிக்கு எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு. அமெரிக்காவில் ஒரு லைனுக்கு மொத்தம் 5, பிரித்தானியாவில் 4 என்பது வழமை. நான்கைந்து பழைய டெலிபோனைக் கொளுவி வைத்துவிட்டு "மணி அடிக்குதில்ல" என்று முறையிடுகிறவர்கள் முதலில் இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கம்பனியின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கண்டகண்ட கருவியைக் கொளுவினால் லைனில் வேலை செய்யும் ஆளுக்குக் கரண்ட் அடிக்கலாம், பக்கத்து லைன்களில் இரைச்சல் ஏறலாம், பிழை வந்தால் எங்கே என்று தேடுவது கஷ்டம் என்றார்கள். இதில் கடைசிக் காரணம் உண்மையானதுதான். முழு லைனும் ஒருவர் கையில் இருந்தால் பிழையும் அவர் தலையில். அந்தக் காலத்து அமெரிக்க வீட்டுக்காரர் வயரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை அவர்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று பாருங்கள்.

ஹஷ்-ஏ-போன் என்று ஒரு பொருள். ரிசீவரின் பேசும் பக்கத்தில் மாட்டும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். மின்சாரமும் இல்லை, வயரும் இல்லை. அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் பேசலாம். இதையும் "அந்நியப் பொருள்" என்று ஏடி அண்ட் டி தடுத்தது. 1948-இல் முறைப்பாடு போனது. ஒழுங்குபடுத்த வேண்டிய சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு ஏழு வருடம் யோசித்து 1955-இல் கம்பனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது! 1956-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. ஒருவர் தன் கையைக் குவித்து வாயை மூடிப் பேசினால் தடுக்க முடியாது, அதையே ஒரு கிண்ணம் செய்தால் மட்டும் எப்படிக் குற்றம் என்பதுதான் சாரம். பொதுவில் யாருக்கும் கெடுதி இல்லாமல் தனக்கு உதவும்படி ஒருவர் தன் டெலிபோனைப் பாவிக்கலாம் என்ற கொள்கை அங்கேதான் பிறந்தது.

இரண்டாவது ஆள் டெக்ஸாஸின் தோமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்களில் வேலை செய்கிறவர்களிடம் வயர்லெஸ் ரேடியோ இருக்கும், டெலிபோன் இருக்காது. டெலிபோன் ரிசீவரை அப்படியே கவிழ்த்து வைக்க ஒரு தொட்டில் செய்தார் கார்ட்டர். ரிசீவரின் சத்தம் ரேடியோவுக்குப் போகும், ரேடியோவின் சத்தம் ரிசீவருக்கு வரும். வயர் எதையும் தொடவில்லை. 1959-இலிருந்து 1966 வரை சுமார் 3,500 கருவிகள் விற்றார். கம்பனி தன் வாடிக்கையாளர்களை மிரட்டியது. கார்ட்டர் வழக்குப் போட்டார். 1968 ஜூனில், 13 வருடத்துக்கு முன் மற்றவர் தோற்ற அதே ஆணைக்குழுவில் இவர் வென்றார். வெளிக் கருவி எதையும் கொளுவக் கூடாது என்ற விதியே செல்லாது என்று ஆணைக்குழு சொன்னது.

கம்பனி இலேசில் விடவில்லை. சரி, வெளிக் கருவி கொளுவலாம், ஆனால் நடுவில் எங்களுடைய பாதுகாப்புப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும், அதற்கு மாத வாடகை என்றார்கள். பெட்டியே தேவையில்லை, தரம் பார்த்துப் பதிவு செய்த கருவி என்றால் நேரடியாகக் கொளுவலாம் என்று 1975-இல் ஆணைக்குழு விதி போட்டது. வழக்கெல்லாம் முடிந்து 1977-இல்தான் அது நிலைத்தது. அதோடு வந்ததுதான் அந்தச் சின்ன, தெளிந்த பிளாஸ்டிக் பிளக், ஆர்ஜே11. "டிக்" என்று செருகலாம், நாக்கை அமுக்கிக் கழற்றலாம். உங்கள் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் "டிஎஸ்எல்" அல்லது "போன்" என்ற துளையில் செருகுவீர்களே, அதுதான். அதற்கு முன் டெலிபோன் பெரும்பாலும் சுவரோடு ஆணி பூட்டித்தான் இருக்கும். கழற்ற முடியாத டெலிபோனில் வீட்டுக்காரர் எந்தச் சோதனையும் செய்ய முடியாது. பிளக் வந்த நாளில்தான் சாதாரண மனிதனுக்குப் பிழை தேடும் முதல் ஆயுதம் கிடைத்தது என்பேன். சட்டம் கொடுத்த உரிமையைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி செய்தது அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான்.

பிறகு பெரிய உடைவு. 1974-இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1982 ஜனவரியில் சமரசமாகி, 1984 ஜனவரி 1-ஆம் திகதி பெல் குடும்பம் பிரிந்தது. பிரிவினை என்றால் வேலி போட வேண்டுமே! லைனுக்கும் வேலி தேவைப்பட்டது. 1987 ஜனவரி 1-ஆம் திகதியிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் வயரிங் கம்பனியின் கட்டணப் பட்டியலிலிருந்து வெளியே போனது. இனி அது வீட்டுக்காரர் பாடு. எல்லை எங்கே என்பதற்கும் அளவு சொன்னார்கள்: வயர் வீட்டுக்குள் வரும் இடத்தில் இருக்கும் இடி பாதுகாப்பானிலிருந்து 12 அங்குலத்துக்குள். ஒரு அடி!

அந்த எல்லையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு பக்கம் கம்பனிக்கு, அதைத் திறக்க விசேட சாவி. மறுபக்கம் வீட்டுக்காரருக்கு, சாதாரண திருகாணிதான். நடுவில் ஒரு சின்ன சொக்கட், அதில் ஒரு குட்டிப் பிளக். அந்தப் பிளக்கைக் கழற்றினால் வீட்டு வயரிங் முழுவதும் லைனிலிருந்து அறுந்துவிடும். அந்தத் துளையில் நல்ல டெலிபோன் ஒன்றைச் செருகிக் கேட்கலாம்.

என் கணிப்பில் இந்த 110 வருடத்திலும் சாதாரண வீட்டுக்காரருக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் அந்தக் குட்டிச் சொக்கட்தான். வயரைத் தலையில் கட்டினார்கள், உண்மை. அதுவரை இலவசமாகப் பார்த்த வேலைக்குக் காசு கேட்டார்கள். "உள் வயரிங் பராமரிப்பு" என்று மாதக் கட்டணத் திட்டமொன்றையும் விற்றார்கள், பயந்த பலர் பழுதே வராத வயருக்கு வருடக் கணக்கில் கட்டினார்கள். ஆனால் அந்தச் சொக்கட் இருந்ததால், வந்தவர் "பிழை உங்களுடையது" என்று சொன்னால் அதை நீங்களே சரிபார்க்கலாம். அவர் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

சோதனை செய்யும் முறை இதுதான். செம்பு லைன் இன்னும் இருக்கிறவர்கள் செய்து பாருங்கள். வீட்டில் கொளுவியிருக்கும் அத்தனையையும் கழற்றுங்கள். டெலிபோன், பெக்ஸ், ரவுட்டர், பழைய கோட்லெஸ், அலாரம் இருந்தால் அதுவும். எங்கோ ஒன்றின் ரிசீவர் விலகியிருந்தால் லைன் தானாக மீள ஐந்து நிமிடமாவது விடுங்கள். பிறகு, வேறு வீட்டில் வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த, வயர் உள்ள சாதாரண டெலிபோன் ஒன்றை லைன் வீட்டுக்குள் வரும் முதல் சொக்கட்டில் மட்டும் செருகுங்கள். அங்கேயும் சத்தம் இல்லை, அல்லது அதே இரைச்சல் என்றால் பிழை வெளியே. அங்கே சுத்தமாகக் கேட்டால் பிழை உள்ளே. உள்ளே என்றால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொளுவி வாருங்கள். எதைக் கொளுவும்போது குழப்பம் திரும்பி வருகிறதோ அதுதான், அல்லது அதற்குப் போகும் வயர்தான்.

ஒரு விசித்திரமான பிழையையும் சொல்லி விடுகிறேன். மணி ஒரு தடவை அரைகுறையாக அடித்து நின்றுவிடும், எடுத்தால் அந்தப் பக்கம் ஆள் பேசிக்கொண்டிருப்பார். பேய் இல்லை. நனைந்த மூட்டு வழியாக மணி மின்சாரம் கசிகிறது. யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துத் தொடர்பைக் கொடுத்துவிடுகிறது. வெயில் வந்தால் தானாகச் சரியாகும். அதனால்தான் ஆள் வரும் நாளில் பிழை இருக்காது. முறைப்பாட்டில் "மழை நேரத்தில் மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

பிரித்தானியாவிலும் இதே கதை கொஞ்சம் வேறு வேகத்தில் நடந்தது. அங்கே டெலிபோன் தபால் திணைக்களத்தின் கையில் இருந்தது. 1981-இல் சட்டம் மாற்றி பிரிட்டிஷ் டெலிகொம்மைப் பிரித்தார்கள், அதே வருடம் பிளக், சொக்கட் முறையும் வந்தது. பின்னாளில் வந்த அவர்களுடைய முதன்மைச் சொக்கட்டின் கீழ்ப் பாதி முகப்பைத் திருகாணி கழற்றி இழுத்தால் உள்ளே சோதனைத் துளை இருக்கும். அமெரிக்கப் பெட்டி வெளிச் சுவரில், இது வீட்டுக்குள். நோக்கம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் மணிக்கென்று மூன்றாவது வயர் ஒன்றை வீடு முழுவதும் ஓட்டியிருந்தார்கள். இணையம் ஏடிஎஸ்எல் ஆக அதே லைனில் வந்தபோது அந்த மூன்றாவது வயர் சோடியின் சமநிலையைக் கெடுத்து, அன்டெனா போல இரைச்சலை இழுத்தது. பலர் அந்த ஒரு வயரைக் கழற்றி விட்டார்கள், இணைய வேகம் கூடியது. ட்ராம் காலத்துப் பாடம் நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

நம் நாட்டிலும் 1980 வரை தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களம். 1991-இல் கூட்டுத்தாபனம், 1997-இல் ஜப்பானின் என்டிடி நிறுவனத்துக்கு 35 சதவீதப் பங்கு. இதற்கிடையில் 1996-இல் வயரே இல்லாத வீட்டு டெலிபோனோடு சன்டெல்லும் லங்கா பெல்லும் வந்தன. லைனுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இந்த வருடங்கள் எல்லாம் ஞாபகம் இருக்கும். காத்திருந்து கிடைத்த லைனில் இது யாருடைய வயர் என்று கேட்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

இப்போது ஏன் இதையெல்லாம் தோண்டுகிறேன் என்றால், பைபர் வந்துவிட்டது. வேகம் நல்லது, மழைக்கு இரையாது, எறும்புக்கும் வேலை இல்லை. ஆனால் இரண்டு விசயம் சத்தமில்லாமல் மாறிவிட்டது.

ஒன்று, அந்தக் கோடு அழிந்துவிட்டது. கண்ணாடி இழை வந்து முடியும் பெட்டி உங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. பெரும்பாலும் பெட்டி கம்பனியினுடையது, அமைப்பு அவர்கள் கையில், டெலிபோனும் அதன் வழியாகத்தான். 1877-இல் இருந்த நிலை: கருவி அவர்களுடையது, நீங்கள் பாவிக்கலாம். சோதனைச் சொக்கட்டுக்குப் பதிலாக உங்களுக்கு மிஞ்சியிருப்பது சில லைட்டுகள். "எல்ஓஎஸ்" என்ற லைட் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். முதலில் பெட்டிக்குப் போகும் மெல்லிய வயர் எங்காவது மடிந்திருக்கிறதா, கதிரைக்குக் கீழே நசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பிழை வெளியே. லைட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு முறைப்பாடு கொடுங்கள்.

மற்றது கரண்ட். செம்பு லைன் எக்ஸ்சேஞ்சின் பெட்டரியில் உயிர் வாழ்ந்தது. ஊர் முழுவதும் இருட்டானாலும் மூலையில் இருந்த டெலிபோன் வேலை செய்தது. பைபர் பெட்டி உங்கள் வீட்டுப் பிளக்கில் வாழ்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எத்தனை வீட்டில் டெலிபோன் செத்துக் கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கையில் மொபைல் இருந்தது. தனியாக இருக்கும், மொபைல் பாவிக்கத் தெரியாத உம்மும்மாவுக்கு?

இது நம் நாட்டுக் கவலை மட்டும் இல்லை. வீட்டுக் கரண்டில் இயங்கும் டெலிபோன் சேவை கொடுப்பவர்கள் 8 மணித்தியாலம் தாங்கும் பெட்டரியை வாடிக்கையாளர் கேட்டால் விற்கத் தயாராக இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆணைக்குழு 2015-இல் விதி போட்டது, பிறகு 24 மணித்தியாலத்துக்கும். பிரித்தானியாவில் வயதானவர்கள் கழுத்தில் போடும் அவசர அழைப்புப் பொத்தான்கள் பழைய லைனை நம்பியே இருந்தன. புதிய லைனுக்கு மாற்றியபோது சில வீடுகளில் அவை வேலை செய்யவில்லை. பாரதூரமான சம்பவங்கள் நடந்த பிறகு, 2023 டிசம்பரில் விருப்பமில்லாதவர்களைக் கட்டாயமாக மாற்றுவதை நிறுத்தி வைத்தார்கள். 2025 கடைசியில் பழைய லைனை மூடுவது என்றிருந்த திகதி 2027 ஜனவரிக்குப் போனது.

ஆகவே பைபருக்கு மாறும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பெட்டி யாருடையது, பழுதானால் யார் செலவு? எந்த இடம் வரைக்கும் உங்கள் பொறுப்பு? கரண்ட் போனால் டெலிபோன் எவ்வளவு நேரம் தாங்கும்? பதிலை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். கடையில் விற்கும் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினால் மூன்றாவது கேள்விக்குச் சில மணித்தியாலம் விடை கிடைக்கும், பெட்டியின் வோல்ட்டும் அதன் வோல்ட்டும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய திணைக்களக் காலத்தில் லைன்மேனாக வேலை செய்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால் கொமென்டில் எழுதுங்கள். வீட்டு வயருக்கு அப்போது யார் பொறுப்பு, எக்ஸ்டென்ஷன் போட என்ன நடைமுறை, களவாகக் கொளுவியதை எப்படிப் பிடித்தீர்கள்? யாரிடமாவது பழைய கட்டண ரசீதோ இணைப்பு ஒப்பந்தமோ இருந்தால் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் படம் போடுங்கள்.